எங்கோஸ் கொசாசி வீட்டு வேலி

எங்கோஸ் கொசாசிக்கு வாசனை என்றால் மருந்து வாசனைதான். மல்லிகையை முகர்ந்தால் தும்முவார். கொசு மருந்தை முகர்ந்தால் நெஞ்சு நிறைந்துபோகும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, காருத் மலையூர்ப் பக்கம் தெருத்தெருவாகக் கொசுப்புகை அடித்தே தலை நரைத்த மனிதர் அவர்.

தோளில் இயந்திரம் தொங்க, வாயில் துணி கட்டிக்கொண்டு அவர் ஒரு சந்துக்குள் நுழைந்தால் போதும், "எங்கோஸ் வர்றாரு, சோத்தை மூடு!" என்று வீட்டுக்கு வீடு குரல் கேட்கும். பெண்கள் பானையை மூடுவார்கள். ஆண்கள் குருவிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். பட்டாளமே வந்தால்கூட அந்த ஊரில் இவ்வளவு பரபரப்பு இருக்காது. வெள்ளைப் புகைக்கு நடுவே நடந்து போகும்போது எங்கோஸுக்குத் தானே ஒரு அரசாங்கம் என்று தோன்றும். எல்லோரும் தனக்கு வழிவிடுவது மரியாதையால்தான் என்று நினைத்துக்கொண்டார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

ஓய்வு கொடுத்த அன்று இயந்திரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். மனைவி ரொகாயா தேநீர் கொடுத்தாள். ஆறிப்போன பிறகு அதை எடுத்துவிட்டு வேறு கொடுத்தாள். அதுவும் ஆறியது. சில நாள் கழித்து மனிதர் தானாக எழுந்து கடைக்குப் போனார். திரும்பி வரும்போது முதுகில் ஒரு தெளிப்பானும், பையில் சிவப்பு மூடி, நீல மூடி, வெள்ளை டப்பா என்று மூன்று தினுசு விஷமும் இருந்தன. சிவப்பு புழுவுக்கு, நீலம் செடிப்பேனுக்கு, வெள்ளை புல்லுக்கு. முகத்தில் பழைய களை வந்துவிட்டது. அதைப் பார்த்து ரொகாயா சந்தோஷப்பட்டாள், பாவம்.

அவர்கள் குடியிருந்த சிகெம்பாங் சந்தில் வீட்டுக்கு வீடு வேலி உண்டு. ஆனால் யாரையும் தடுக்க அங்கே யாரும் வேலி வைப்பதில்லை, தின்னத்தான் வைக்கிறார்கள். மத்தியானம் சோறு வடித்து, கருவாடு பொரித்து, கல்லில் மிளகாய்ச் சம்பலை அரைத்து முடித்த பிறகுதான் பெண்கள் வாசலுக்கு வருவார்கள். கைக்கு எட்டிய வேலியில் கை நீளும். மணத்தக்காளிப் பச்சைக் காய், சிறகவரைப் பிஞ்சு, எலுமிச்சை மணக்கும் துளசி, நடைபாதை ஓரத்து வல்லாரை எல்லாம் பச்சையாகவே சம்பலில் தொட்டு உள்ளே போகும். இலையை அடுப்பில் ஏற்றுவது அங்கே நோயாளிக்குச் செய்கிற பக்குவம். பக்கத்து வீட்டு வேலியில் கேட்டுவிட்டுப் பறித்தால் கோபித்துக்கொள்வார்கள், "நாம என்ன அந்நியமா?" என்று. பறித்துப் பறித்து மொட்டையாக நிற்கிற வேலிதான் அந்தச் சந்தில் கௌரவமான வேலி.

எங்கோஸ் வீட்டு வேலி ஆளுயரத்துக்குச் செழித்து நின்றது. ஒரு இலையில் ஒரு ஓட்டை கிடையாது. ஒரு எறும்பு கிடையாது. வண்ணத்துப்பூச்சிகூட அந்த இடம் வந்ததும் சற்று ஒதுங்கித்தான் பறக்கும். யாரும் அதில் கை வைப்பதில்லை.

"அழகைக் கெடுக்க யாருக்கும் மனசு வரல போல," என்பார் எங்கோஸ்.

"ஆமாங்க, மனசு வரல," என்பாள் ரொகாயா.

பாட்டிலில் போட்டிருக்கும் அளவை அவர் மதித்ததே இல்லை. "அந்த அளவெல்லாம் பட்டணத்துப் பூச்சிக்கு. நம்ம மலைப் பூச்சி சம்பல் தின்னு வளர்ந்தது, அதுக்கு எங்க பத்தும்?" என்று இரண்டு மூடி கூட ஊற்றுவார். கையுறை போட மாட்டார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க மாட்டார். மகள் இமாஸ் ஒரு நாள் பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டு, "அப்பா, அடிச்சா இத்தனை நாள் கழிச்சுத்தான் பறிக்கணும்னு போட்டிருக்கே," என்றாள்.

"அது பயந்தாங்கொள்ளிக்கும்மா. நான் தினமும் தின்னுக்கிட்டுதானே இருக்கேன்? எனக்கு என்ன ஆச்சு, சொல்லு."

இமாஸ் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

எங்கோஸுக்குத் தெரியாத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. தினமும் மத்தியானம் அவர் தன் வேலியிலிருந்து ஒரு கூடை பறித்துக் கொண்டுவந்து கொடுப்பார். ரொகாயா அதை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போவாள். குழியில் கொட்டி மண்ணைத் தள்ளிவிட்டு, பக்கத்து வீட்டு ஓனியின் வேலியில் அதே அளவு பறித்து, கழுவி, தட்டில் அடுக்கிக் கொண்டுவருவாள். ஓட்டை இலைகளைத் தனக்கு எடுத்துக்கொண்டு முழு இலைகளை அவருக்கு வைப்பாள். எங்கோஸ் ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டு, "மருந்து பார்த்த இலையோட ருசியே தனி. ஓனி வேலியில இப்படி ஒண்ணு கிடைக்குமா?" என்பார். கிடைக்காது என்று ரொகாயா தலையாட்டுவாள். இந்தக் கூத்து பல வருஷமாக நடக்கிறது. சந்து முழுக்கத் தெரியும். சொல்லிவிடலாமே என்று ஓனி எத்தனையோ தடவை கேட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த முகம் ரொகாயாவுக்கு ஞாபகம் வரும். வாய் வராது.

ஓனி அப்படிப்பட்ட இரக்கம் ஏதும் இல்லாதவள். கோழி வளர்ப்பவள், குரலும் அதற்கேற்ற குரல். எங்கோஸ் பொது நடைபாதையில் வெள்ளை டப்பாவைக் காலி செய்து, ஓரமெல்லாம் காய்ந்து பழுப்பானபோது அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்கோஸ் அண்ணே, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"களையைச் சுத்தம் பண்ணினேன். நன்றி சொல்ல வந்தியா?"

"களையா? அது வல்லாரை அண்ணே. எங்க மத்தியானச் சாப்பாட்டைக் கொன்னுட்டு நன்றி வேற கேக்கறீங்களா?"

"நடைபாதையில முளைச்சா களைதான்."

"அப்ப நீங்க எங்க நிக்கறீங்க இப்போ? நடைபாதையிலதானே?"

எங்கோஸ் வீட்டுக்குள் போய்விட்டார்.

வாழ்க்கை இப்படியே போயிருக்கும், இமாஸுக்கு மாப்பிள்ளை வராமல் இருந்திருந்தால். இமாஸ் மிட்டாய்க் கடையில் வேலை பார்த்தாள். அங்கே பனைவெல்லம் இறக்க வரும் வண்டிக்காரப் பையன் யாயான். வெல்லத்தை எடை போட்டுப் போட்டே இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய்விட்டது. பையன் நல்லவன். சிக்கல் அவனுடைய அப்பாவிடம் இருந்தது.

ஹாஜி மெமெத் ஜும்ஹானா என்றால் தாசிக் ஊர்ப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னத் தகர டப்பா. அதில் சம்பல். எங்கே பச்சை இலையைக் கண்டாலும் டப்பா திறந்துகொள்ளும். சாவு வீட்டுக்குப் போனாலும் துக்கம் விசாரித்துவிட்டு வேலிப் பக்கம் ஒதுங்குவார் என்று சொல்வார்கள். ஆடுகள் அவரைப் பொறாமையோடு பார்க்கும் என்றும் சொல்வார்கள், அது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.

யாயான் வந்து எங்கோஸிடம் விஷயத்தைச் சொன்னான். "எங்கப்பா பொண்ணைப் பத்தி ஒண்ணும் கேக்க மாட்டாரு மாமா. சீர் கீர் எதுவும் பேச மாட்டாரு. பொண்ணு வீட்டு வேலியிலேர்ந்து தன் கையால ஒரு பிடி பறிச்சுத் தின்னு பார்ப்பாரு. வாய்க்குப் பிடிச்சா அங்கேயே சம்பந்தின்னு கூப்பிட்டுடுவாரு. பிடிக்கலேன்னா எழுந்து வந்துடுவாரு. எங்க அண்ணனுக்கு மூணாவது வேலியிலதான் பொண்ணு கிடைச்சுது."

எங்கோஸ் தொடையைத் தட்டினார். "இவ்வளவுதானா? அப்ப கல்யாணம் முடிஞ்சுதுன்னு வச்சுக்க! இந்த ஊர்லயே என் வேலியை அடிச்சுக்க ஆள் கிடையாது."

இமாஸின் முகம் வெளுத்துப்போனது. ஹாஜி தின்றால் வரப்போகிற மாமனாருக்கு விஷம் வைத்ததாக ஆகும். தின்னாவிட்டால் கல்யாணம் கிடையாது. அன்று மாலை அப்பாவின் காலடியில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, இந்த ஒரு வாரம் மட்டும் அடிக்காம விட்டுடுங்களேன்."

"விருந்தாளி வர்றப்ப அடிக்காம வேற எப்போ அடிக்கறது? என்னம்மா பேசற?" என்று அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அடித்தார். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிறவரின் முகம் அவருக்கு.

ஹாஜி வருவது வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த பிறகு. அந்தக் காலை ரொகாயாவும் இமாஸும் ஓனியின் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு அழுதார்கள். ஓனி அழவில்லை. கத்தியைத் தீட்டினாள்.

"உங்க வீட்டுக்காரர் மசூதிக்குப் போகட்டும். என் வேலியில இருக்கற கிளையெல்லாம் வெட்டி உங்க வேலி மேல கட்டிடுவோம். ஹாஜி பறிக்கறது என் இலையா இருக்கும், பேரு உங்க வேலிக்கு."

"கண்டுபிடிச்சுட மாட்டாரா?" என்றாள் ரொகாயா.

"ஆட்டுக்கு இலையைத் தெரியும், வேரைத் தெரியுமா? எழுந்திரு."

எங்கோஸ் வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் மூன்று பெண்களும் இறங்கினார்கள். முதலில் நச்சு வேலியின் மேல் வாழை மட்டைகளை வரிசையாகச் சாத்தி மறைத்தார்கள். அதன் மேல் ஓனி வேலியின் துளசி, மணத்தக்காளி, சிறகவரைக் கொடி எல்லாவற்றையும் வாழை நாரால் கட்டினார்கள். பாய் விரிக்கப்போகிற இடத்திலிருந்து கை எட்டுகிற தூரம்வரை ஒரே ஜோடனை. ஓனியின் வேலி மொட்டை அடித்த குழந்தை மாதிரி ஆகிவிட்டது. "போகட்டும், முடி தானே, வளரும்," என்றாள் அவள். மூவரும் சோறு இறக்க உள்ளே போனார்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மறந்துவிட்டார்கள். ஓனி வீட்டு இலைகளில் ஓட்டை உண்டு.

தொழுகை முடிந்து முதல் ஆளாக வீட்டுக்கு வந்த எங்கோஸ் வேலியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நேற்றுவரை கண்ணாடி மாதிரி இருந்த வேலி, இன்று சல்லடை. ஒரு துளசி இலையின் விளிம்பில் பச்சைப் புழு ஒன்று உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவருடைய வேலியில் புழு! அதுவும் சம்பந்தி வருகிற நாளில்! அவருக்கு ரத்தம் கொதித்தது. தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய் சிவப்பு மூடியைத் திறந்தார்.

அடுப்படியில் இருந்தவர்களுக்கு 'ஷ்ஷ்' என்ற சத்தம்தான் முதலில் கேட்டது. ரொகாயாவின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. அவர்கள் வாசலுக்கு ஓடி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஓனியின் நல்ல இலைகள் எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. எங்கோஸ் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை பார்த்தேன். மானம் போயிருக்கும்," என்றார். சந்து முனையில் வண்டிச் சத்தம் கேட்டது.

ஹாஜி மெமெத் ஒல்லியான மனிதர். வந்தார், சலாம் சொன்னார், பாயில் வேலியைப் பார்த்து உட்கார்ந்தார், டப்பாவை எடுத்து முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தார். பெண்ணைப் பார்க்கவே இல்லை. யாயான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இருந்து இமாஸைப் பார்த்துச் சிரித்தான். இமாஸ் சிரிக்கவில்லை.

ஹாஜியின் வலது கை வேலியை நோக்கி நீண்டது. ஓனி பாய்ந்து வந்து வேலியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். கை இடது பக்கம் போனது. ஓனியும் இடது பக்கம் போனாள்.

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்றார் ஹாஜி.

"முதுகு அரிக்குது ஹாஜி. இந்த வேலியில தேச்சாதான் அடங்கும்."

"நல்லா தேச்சுக்கம்மா, நான் அந்தப் பக்கம் பறிச்சுக்கறேன்."

இமாஸ் ஒரு தட்டு நிறைய இலையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அது காலையிலேயே ஓனி வீட்டிலிருந்து பறித்துக் கழுவி வைத்தது. "இதைச் சாப்பிடுங்க மாமா."

"தட்டுல இருக்கறது யார் வீட்டு இலையோ, எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வேலிதாம்மா பேசணும்."

ரொகாயா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "பொண்ணு கல்யாணம் முடியறவரைக்கும் வேலியைத் தொடக்கூடாதுன்னு எங்க வழக்கம்," என்றாள்.

ஹாஜி புருவத்தை உயர்த்தினார். எங்கோஸுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இந்தப் பெண்களுக்கு இன்று என்ன கேடு வந்தது? நல்ல காரியம் கைக்கு எட்டும் நேரத்தில் ஆளாளுக்கு மறிக்கிறார்களே! "அப்படி ஒரு வழக்கமும் எங்க குடும்பத்துல கிடையாது ஹாஜி! ஓனி, தள்ளி நில்லு! வேற எங்கயாவது போய்ச் சொறிஞ்சுக்க!" என்று ஓனியின் கையைப் பிடித்து இழுத்து அப்புறப்படுத்தினார். "நீங்க தாராளமா பறிங்க ஹாஜி. உங்க வேலி மாதிரி நினைச்சுக்குங்க."

ஹாஜி ஒரு கொத்துத் துளசியை ஒடித்தார். இலை நுனியில் முத்து முத்தாக நீர் நின்றது. "ஆஹா. உச்சி வெயில்ல பனித்துளி. இப்படி ஒரு வேலியை நான் பார்த்ததில்ல."

"பனி இல்ல ஹாஜி, மருந்து," என்றார் எங்கோஸ் பெருமையோடு. "இப்பதான் அடிச்சேன். உங்களுக்குன்னு புதுசா."

சம்பல் டப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. "மருந்துன்னா?"

"பூச்சி மருந்து. சும்மா சத்து மாத்திரை மாதிரிதான். நான் தினமும் தின்னுக்கிட்டுதானே இருக்கேன்? எனக்கு என்ன ஆச்சு?"

ஹாஜி கொத்தையும் எங்கோஸையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மரியாதையாக, வலது கையால், கொத்தை நீட்டினார். "அப்ப வீட்டுக்காரர் முதல்ல."

எங்கோஸ் சிரித்துக்கொண்டே வாங்கினார். சம்பலில் தோய்த்தார். வாயைத் திறந்தார். பட்டென்று ஓர் அடி. ரொகாயா, ஒருபோதும் குரல் உயர்த்தாத ரொகாயா, புருஷன் கையில் அடித்திருந்தாள்.

"தின்னாதீங்க! இத்தனை வருஷமா நீங்க தின்னது ஓனி வீட்டு இலை!" அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். குழி, கூடை, இன்று காலை கட்டிய கிளைகள், வாழை மட்டை, எதுவும் பாக்கி வைக்கவில்லை. "உங்க வேலியிலேர்ந்து ஒரு இலைகூட உங்க வாய்க்குள்ள போனதில்லங்க. நான் விட்டதில்ல."

எங்கோஸ் ஓனியைப் பார்த்தார். அவள் முதன்முறையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். மகளைப் பார்த்தார். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. துளசிக் கொத்து இன்னும் அவர் கையில்தான் இருந்தது. தின்றுவிடலாம் என்று தோன்றியது. ஒரு வாய்தானே, தின்று காட்டிவிட்டால் தன் பேச்சு நிலைக்கும், மகள் கல்யாணம் நடக்கும், இந்தப் பெண்கள் எல்லோரும் பைத்தியக்காரிகள் என்றாகிவிடும். கையைத் தூக்கினார். மருந்து வாசனை மூக்கில் ஏறியது. வாழ்நாள் முழுக்க நெஞ்சு நிறைய இழுத்த வாசனை. ஆனால் அந்த வாசனையோடு எதையும் அவர் இதுவரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதில்லை. கை அதற்குமேல் வரவில்லை.

தெருத்தெருவாகப் பெண்கள் சோற்றுப் பானையை மூடியது அவருக்கு ஞாபகம் வந்தது. அது மரியாதை இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கத்தில் காது எரிந்தது.

"சாப்பிடாதீங்க ஹாஜி," என்றார். சொன்னது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. "தட்டுல இருக்கறதைச் சாப்பிடுங்க. அது ஓனி வீட்டு இலை, நல்ல இலை."

ஹாஜி டப்பாவை மூடினார். கிளிக் என்று சின்னச் சத்தம்தான். யாயான் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு வேலி முன்னாடி தின்னு பார்க்காம இந்த டப்பாவை நான் மூடினதில்ல எங்கோஸ்," என்றார் ஹாஜி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "பையன் ஆசைப்பட்டுட்டான், அதனால முடியாதுன்னு சொல்ல மனசு வரல. உங்க வேலியில புழு கடிச்ச அன்னிக்கு ஆள் அனுப்புங்க. வர்றேன். புழு தின்னதை நானும் தின்னுவேன். புழு தின்னாததை என்னால தின்ன முடியாது." கருவாட்டையும் சோற்றையும் மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எங்கோஸ் கொசாசி, பூச்சிகளின் எமன், ஒரு புழுவுக்காகத் தவம் கிடக்க ஆரம்பித்தார்.

முதலில் மிச்சமிருந்த மருந்தை வாய்க்காலில் கொட்டப் போனார். ஓனி அலறினாள், கீழே அவளுடைய மீன்குளம். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, பாட்டில்களை இறுக மூடி, விஷக் கழிவு வாங்குகிற இடத்தைத் தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஓனி சொன்னபடி வேலியைத் தரையோடு வெட்டினார். மேல் மண்ணை வழித்தார். புது மண்ணும் கோழி எருவும் போட்டார். முதலில் துளிர்த்ததையும் வெட்டிப் போடச் சொன்னாள், போட்டார். பிறகு வேலி வளர்ந்தது. பளபளவென்று, மாசு மருவில்லாமல் வளர்ந்தது. புழு வரவில்லை.

தினமும் காலையில் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பார். "இன்னிக்கும் ஒண்ணும் இல்ல," என்று உள்ளே வருவார். இமாஸ் அவர் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குக் கிளம்புவாள். அது அவரைக் கொன்றது.

கடைசியில் வெட்கத்தை விட்டு ஓனி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ஓனி, ரெண்டு புழு குடேன்."

"என்ன குடு?"

"புழும்மா. உன்கிட்ட நிறைய இருக்குமே."

ஓனி சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்து ஓடின. ஆனாலும் கொடுத்தாள். எங்கோஸ் புழுக்களை வெயில் படாமல் தொப்பிக்குள் வைத்து எடுத்து வந்து, துளசியில் விட்டுவிட்டு, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, கூச்சப்படாதீங்க," என்று உபசரித்தார். மறுநாள் காலையில் வாலாட்டிக் குருவி ஒன்று இரண்டையும் முடித்துவிட்டது. குருவியை அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். குருவி இத்தனை வருஷம் கழித்து அந்த வேலிக்கு வந்த முதல் விருந்தாளி என்பது ரொகாயா சொல்லித்தான் தெரிந்தது.

புழுவுக்கு முன்னால் அசுவினி வந்தது. சிறகவரைக் கொடி முழுக்கக் கருப்பாக அப்பிக்கொண்டது. எங்கோஸின் கை பழக்கத்தில், முன்பு தெளிப்பான் தொங்கிய சுவரைத் துழாவியது. சுவரில் ஒன்றும் இல்லை. ரொகாயா கொஞ்சம் சோப்புத் தண்ணீரைக் கரைத்துக் கொடுத்தாள், இலைக்கு அடியில் படும்படி தெளிக்கச் சொன்னாள். ஓனி ஒரு கிண்ணத்தில் பூண்டும் மிளகாயும் அரைத்து ஊறவைத்து வடிகட்டின தண்ணீரைக் கொண்டுவந்தாள். எங்கோஸ் முகர்ந்து பார்த்தார்.

"இது மருந்தா, ஹாஜி டப்பாவுல இருக்கறதா?"

"கருவாடு போட்டா அவருக்கு, போடலேன்னா பூச்சிக்கு."

அசுவினி குறைந்தது. நடைபாதையில் கற்களுக்கு நடுவே முளைத்த புல்லுக்கு ரொகாயா சோறு வடித்த கொதி கஞ்சியை ஊற்றினாள். மிச்சத்தை எங்கோஸ் குந்தி உட்கார்ந்து கையால் பிடுங்கினார். வல்லாரை எது, புல் எது என்று தெரியாமல் ஒவ்வொன்றுக்கும் ஓனியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் சலிப்போடு பதில் சொன்னாள்: "அது சாப்பாடு. அதுவும் சாப்பாடு. அது மட்டும் புல்லு."

மழை பிடித்த ஒரு காலையில் துளசியின் இலையில் ஒரு ஓட்டை தெரிந்தது. சின்ன ஓட்டை, மிளகு அளவு. எங்கோஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு இலையைத் திருப்பினார். அடியில் ஒரு பச்சைப் புழு. யாரும் கொண்டுவந்து விடாத புழு, தானாகத் தேடி வந்தது. "ரொகாயா!" என்று அவர் போட்ட சத்தத்தில் வீடு தீப்பிடித்துவிட்டது என்று சந்தே கூடிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் குனிந்து ஓட்டையைப் பார்த்தார்கள். குழந்தை பிறந்த வீட்டில் சொல்வது மாதிரி ஓனி, "நல்லா இருக்கு, அண்ணே, ஆரோக்கியமா இருக்கு," என்றாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. ஆள் அனுப்பினார்கள்.

ஹாஜி வருகிறவரை எங்கோஸ் வேலியை விட்டு நகரவில்லை. குடை பிடித்துக்கொண்டு குருவியை விரட்டினார். சோறுகூட அங்கேயே வந்தது. அதை ஒரு கையால் தின்றுகொண்டு மறு கையால் குடையைப் பிடித்தார்.

ஹாஜி வந்தார். அதே பாய். அதே டப்பா. இந்தத் தடவை யாரும் குறுக்கே வரவில்லை. இமாஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விரல்கள் வெளுக்கும்படி. யாயான் நகத்தைக் கடித்தான். ஹாஜி எல்லா இலைகளையும் விட்டுவிட்டு, அந்த ஓட்டை விழுந்த துளசியைத் தேர்ந்தெடுத்து ஒடித்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓட்டை வழியாக ஒரு கண்ணால் எங்கோஸைப் பார்த்தார். திருப்தியோடு தலையாட்டினார். பிறகு இலையைத் திருப்பினார். அடியில் புழு இருந்தது. எல்லோரும் செய்வது மாதிரிதான், தட்டிவிட்டு நசுக்கக் கட்டைவிரலை வைத்தார்.

"ஐயோ, நசுக்கிடாதீங்க சம்பந்தி!" எங்கோஸ் குடையைப் போட்டுவிட்டு அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அது பொண்ணு வீட்டு ஆளு!"

ஹாஜி அவரைப் பார்த்தார். அழுகிற கண்ணைப் பார்த்தார். பிறகு அந்தப் புழுவை விரல் நுனியில் ஏற்றி, பக்கத்து இலையில் பதமாக இறக்கிவிட்டு, கையிலிருந்த துளசியைச் சம்பலில் தோய்த்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். விழுங்கின பிறகு புழுவின் பக்கம் குனிந்தார்.

"கல்யாணத்துக்குக் கண்டிப்பா வந்துடணும்," என்றார், "குடும்பத்தோட."